வாசலைத் தாண்டியவர் உள்ளே எவ்வளவு தூரம் நடப்பார்?

சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா ஆகிய நான்கு தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் யுஎன்சி3886 என்ற ஊடுருவல் குழு குறிவைத்தது என்று சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2026 பிப்ரவரியில் தெரிவித்தது. அக்குழுவைத் தடுத்து வெளியேற்ற 100க்கும் மேற்பட்ட இணையப் பாதுகாப்பாளர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டனர். சேவைகள் தடைபடவில்லை. வாடிக்கையாளர் விவரங்கள் களவு போனதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பத் தகவல் சிறிதளவு வெளியே சென்றது.

செய்தியைப் படித்த பலர் ‘நல்லவேளை’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். தரவு நிலையங்களில் கட்டமைப்புப் பணி செய்யும் என்னால் அதில் ஒரு விவரத்தை அப்படிக் கடந்துபோக முடியவில்லை. அதுவரை வெளியே தெரியாதிருந்த ஒரு மென்பொருள் குறையைப் பயன்படுத்தி, கட்டமைப்பின் வெளி எல்லையில் இருந்த தீச்சுவரை அக்குழு ஒரு சம்பவத்தில் தாண்டியிருக்கிறது.

கணினிப் பாடம் எடுக்கும் மாணவர்களுக்குத் தீச்சுவர் புதிதல்ல. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் போர்ட் வழியாகப் போகிறது என்று பார்த்து, விதிப்பட்டியலின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் சாதனம் அது. அது வாசலில் நின்றால் போதும் என்று நாம் நெடுங்காலம் நம்பினோம். வாசலில் நிற்பதும் ஒரு மென்பொருள்தான். அதிலும் குறை இருக்கும். யாராவது அதைக் கண்டுபிடிப்பார்கள். ஆகவே தாண்டுவார்களா என்று கேட்பதைவிட, தாண்டிய பிறகு உள்ளே எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று கேட்பதுதான் இன்று பயனுள்ள கேள்வி. இக்கட்டுரை அதைப் பற்றியது.

காவலாளியின் கண்ணில் படாத போக்குவரத்து

இன்றைய தரவு நிலையத்துக்குள் நீங்கள் சென்றால், ஒரு வேலைக்கு ஒரு கணினி என்ற பழைய ஏற்பாட்டைக் காண்பது அரிது. ஒரு பெரிய சர்வருக்குள் 20, 30 மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒன்று இணையத்தளத்தை நடத்தும், இன்னொன்று சம்பளக் கணக்கைப் பார்க்கும், வேறொன்று மாணவர் பதிவேட்டை வைத்திருக்கும். ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிச் செயலி, தனி நினைவகம், தனி நெட்வொர்க் அட்டை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு இயங்கும். அந்த நினைப்பை உருவாக்கிக் கொடுக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸ் உலகின் கேவிஎம் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை.

கணினி மட்டுமன்று, அவற்றை இணைக்கும் சுவிட்சும் மென்பொருளாகிவிட்டது. ஒரே சர்வருக்குள் இருக்கும் இரண்டு மெய்நிகர் கணினிகள் பேசிக்கொண்டால், அந்தப் பேச்சு பெரும்பாலும் பெட்டியைவிட்டு வெளியே வராது. கம்பி வழியாகப் போகாததால் வெளியே நிற்கும் தீச்சுவரின் கண்ணிலும் படாது.

கூட்டுரிமைக் குடியிருப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நுழைவாயிலில் காவலாளி இருக்கிறார். வருபவரின் பெயரை எழுதுகிறார், வாகன எண்ணைக் குறிக்கிறார். ஆனால் 12ஆம் மாடியில் இருப்பவர் மின்தூக்கியில் ஏறி 5ஆம் மாடிக்குப் போவதை அவர் பார்ப்பதில்லை. 12ஆம் மாடிக்கு விருந்தாளியாக வந்தவர் போனாலும் அப்படித்தான். 5ஆம் மாடி வீடு பூட்டியிருந்தால் பரவாயில்லை. எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடந்தால், வாசலில் நான்கு காவலாளிகளை நிறுத்தியும் பயனில்லை.

எங்கள் துறையில் இவ்விரண்டு வகைப் போக்குவரத்துக்கும் திசைப் பெயர்கள் உண்டு. உள்ளேயும் வெளியேயும் போய்வருவது வடக்கு-தெற்கு. உள்ளுக்குள்ளேயே நடப்பது கிழக்கு-மேற்கு. வரைபடத்தில் இணையத்தை மேலேயும் சர்வர்களைக் கீழே வரிசையாகவும் வரையும் பழக்கத்திலிருந்து வந்த பெயர்கள். பாதுகாப்புச் செலவு நீண்டகாலமாக வடக்கு-தெற்குக்கே போய்க்கொண்டிருந்தது.

திறந்து கிடந்த ஓர் இணைப்பு

இதன் விலையைச் சிங்கப்பூர் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டது. 2018 சிங்ஹெல்த் ஊடுருவலின்போது உங்களில் பலர் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிப்பாகத் தேடப்பட்டன.

அச்சம்பவம் மெய்நிகர் தீச்சுவரைப் பற்றியதல்ல. ஆனால் உள்ளே நடப்பது பற்றி அதைவிடத் தெளிவான பாடம் நம் ஊரில் இல்லை. ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையை இணையத்தில் யாரும் படிக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இணையப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்கள் எவரும் அதைப் படிக்காமல் பட்டயம் வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

அறிக்கை சொல்வது இதுதான். ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்டிலேயே உள்ளே நுழைந்துவிட்டனர். நோயாளி விவரங்கள் வெளியேறியதோ 2018 ஜூன் 27க்கும் ஜூலை 4க்கும் இடையில். இடைப்பட்ட 10 மாதங்கள் அவர்கள் உள்ளே மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தனர். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருந்த சிட்ரிக்ஸ் சர்வர்கள்தான் அவர்களுக்குப் படிக்கட்டு. அந்தச் சர்வர்களுக்கும் நோயாளிகளின் தரவுத்தளத்துக்கும் இடையே ஒரு கட்டமைப்பு இணைப்பு திறந்திருந்தது. நிர்வாகக் கருவிகளின் வசதிக்காக அதை விட்டுவைத்திருந்தார்கள். அப்படி வைத்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று குழு எழுதியது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்தச் சர்வர்களுக்குள் வருவதைத் தடுக்கும் தீச்சுவர் இல்லாததையும் அது குறைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

தேவையற்ற ஓர் இணைப்பு. அதை மூடும் விதி ஒரு வரி. தாக்கியவர்கள் திறமைசாலிகள் என்பதை அறிக்கை மறைக்கவில்லை. வேறு வழி தேடியிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் பூட்டிய கதவைத் திறக்க முயல்பவர் சத்தம் எழுப்புவார். சத்தம் கேட்டால் யாராவது எழுந்து பார்ப்பார்கள். 2018 ஜூலை 4ஆம் தேதி நடந்தது அதுதான்: தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதை ஓர் ஊழியர் கவனித்து நிறுத்தினார். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

சுவரை உள்ளே கொண்டுபோவது

‘தீச்சுவர்’ என்ற சொல்லே கட்டடக் கலையிலிருந்து வந்தது. வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு நடுவே, ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குப் பரவாமலிருக்க எழுப்பும் கனத்த சுவர் அது. அந்தச் சுவர் தெருவைப் பார்த்து நிற்பதில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது. கணினித் துறை அந்தச் சொல்லை இரவல் வாங்கியபோது அதைத் தெருவாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டது. மெய்நிகர் தீச்சுவர் வந்தபின்தான் அது தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது.

நடைமுறையில் அதை இரு வழிகளில் நிறுவுகிறார்கள். முதல் வழியில், தீச்சுவரே ஒரு மெய்நிகர் கணினி. அதற்கு இரண்டு, மூன்று மெய்நிகர் நெட்வொர்க் அட்டைகள் கொடுத்து, இணையத்தளப் பகுதி ஒருபுறம், தரவுத்தளப் பகுதி மறுபுறம் என்று பிரித்து, நடுவில் நிறுத்துவார்கள். பாலோ ஆல்டோ, ஃபோர்ட்டிநெட், செக் பாயிண்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாம் தங்கள் சாதனத்தின் மெய்நிகர் வடிவத்தை விற்கின்றன. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்றவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம். இரண்டாவது வழியில் தனியாக ஒரு கணினி இல்லை. ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அட்டையிலும் ஹைப்பர்வைசரே விதிகளைச் செயல்படுத்தும். விஎம்வேரின் என்எஸ்எக்ஸ் அப்படிப்பட்டது. மேகக் கணிமையில் அமேசான் ‘செக்யூரிட்டி குரூப்’ என்று கொடுப்பதும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான்.

முதல் வழியில் ஒரு பொறி இருக்கிறது. தீச்சுவர் தன் இரு பக்கங்களுக்கு இடையே போவதை மட்டுமே பார்க்கும். ஒரே பக்கத்தில், ஒரே மெய்நிகர் சுவிட்சில் இருக்கும் இரண்டு கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் அதற்குத் தெரியாது. 30 கணினிகளை ஒரே பகுதியில் வைத்துவிட்டு மேலே ஒரு மெய்நிகர் தீச்சுவரை மாட்டினால், வாசல் காவலாளியைக் கட்டடத்துக்குள் கூட்டிவந்து மீண்டும் வாசலிலேயே நிறுத்தியதாகத்தான் அர்த்தம். இரண்டாவது வழியில் இந்தச் சிக்கல் இல்லை. மெய்நிகர் கணினி ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு இடம் மாறினாலும் விதிகள் கூடவே போகும். அதற்கான உரிமக் கட்டணம்தான் சிறிய நிறுவனங்களைத் தயங்க வைக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி உரிம முறைகளை மாற்றிய பிறகு அந்தத் தயக்கம் கூடியிருக்கிறது.

இயந்திர வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணைக்கு ஒன்றாக இரண்டு தீச்சுவர்களை வைத்தால் அவை வெவ்வேறு சர்வர்களில் ஓட வேண்டும். ஒரே சர்வரில் இருந்தால் அது படுக்கும்போது இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். தீச்சுவருக்கெனச் செயலியும் நினைவகமும் ஒதுக்கிவைக்க வேண்டும். பக்கத்து மெய்நிகர் கணினி மூச்சுமுட்ட வேலை செய்யும்போது காவலாளிக்கு மூச்சு நின்றுவிடக்கூடாது. அதன் நிர்வாகப் பக்கம் தனிக் கட்டமைப்பில் இருக்க வேண்டும். கைதேர்ந்த ஒருவருக்கு இவையெல்லாம் இரண்டு, மூன்று நாள் வேலை.

யார் யாரோடு பேசுகிறார்?

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தீச்சுவர் என்பது ஒரு விதிப்பட்டியல். விதி எழுத வேண்டுமானால் எந்தக் கணினி எந்தக் கணினியோடு, எதற்காகப் பேசுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் அதை முழுமையாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. மென்பொருளை எழுதியவர் வேலை மாறியிருப்பார். ஆவணம் பழையதாக இருக்கும். ‘ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள்’ என்பதுதான் பல இடங்களில் வாய்மொழிக் கொள்கை.

எனவே முதலில் எதையும் தடுக்காமல் எல்லாவற்றையும் அனுமதித்து, பதிவு மட்டும் செய்வோம். குறைந்தது ஒரு மாதமாவது பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஒரு வாரம் போதும் என்பார்கள். ஆனால் சம்பளக் கணக்கு மாதக் கடைசியில்தான் ஓடும். அதற்குத் தேவையான கதவை மூடிவிட்டால் 30ஆம் தேதி இரவு உங்கள் தொலைபேசி அலறும். பள்ளியாக இருந்தால் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த ஒரு மாதப் பதிவு எப்போதும் சுவாரசியமானது. அச்சு இயந்திரங்களை நிர்வகிக்கும் சர்வர் ஒன்று, சம்பளத் தரவுத்தளத்தோடு நாள்தோறும் அதிகாலையில் பேசிக்கொண்டிருந்ததை ஒரு நிறுவனத்தில் பார்த்தேன். யாரும் உள்ளே நுழைந்துவிடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்தச் சர்வரில் ஓர் அறிக்கை நிரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அறிக்கை போய்ச் சேரும் மின்னஞ்சல் முகவரி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. படிக்க ஆளில்லாத அறிக்கைக்காகச் சம்பளத் தரவுத்தளத்தின் கதவு திறந்தே இருந்தது.

அதே இடத்தில் விதிப்பட்டியலின் நடுவே ஒரு வரி கிடந்தது: எங்கிருந்தும், எங்கும், எதுவும், அனுமதி. அருகில் ‘தற்காலிகம்’ என்ற குறிப்பும் மூன்றாண்டுப் பழைய தேதியும். தீச்சுவர் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். ஆகவே அந்த ஒரு வரிக்குக் கீழே இருந்த கவனமான விதிகளில் ஒன்றுகூட அத்தனை நாளும் வேலை செய்யவில்லை. விளக்கு எரிந்தது, உரிமம் கட்டப்பட்டது, தணிக்கைப் படிவத்தில் ‘தீச்சுவர் உள்ளது’ என்ற கட்டத்தில் குறியும் விழுந்தது.

பதிவுகளைப் பார்த்து முடித்தபின் வேண்டிய உரையாடல்களை மட்டும் அனுமதிக்கும் விதிகளை எழுதி, கடைசி வரியில் மற்ற அனைத்துக்கும் தடை போடுவோம். அந்தக் கடைசி வரியைப் போடும் துணிவுதான் இந்தத் திட்டங்களில் அடிக்கடி காணாமல் போகிறது. ஏதாவது நின்றுவிட்டால் பழி நம்மேல் விழும் என்ற பயத்தில் ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிக்கொண்டே போவார்கள். தொழில்நுட்பம் தெரியாத மேலதிகாரி ஒருவர், ‘ஒருநாள் நின்றாலும் நான் பொறுப்பேற்கிறேன், போடுங்கள்’ என்று சொன்ன இடங்களில்தான் அது நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தரையே அவர்கள் கையில் இருந்தால்?

இதுவரை சொன்னதெல்லாம் ஓர் ஊகத்தின்மேல் நிற்கிறது: மெய்நிகர் கணினிகளுக்கு அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற ஊகம். யுஎன்சி3886 குழு கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான். அதனால்தான் தேசியப் பாதுகாப்புக்கான ஒருங்கிணைப்பு அமைச்சர் கா. சண்முகம் 2025 ஜூலை 18ஆம் தேதி அதன் பெயரை வெளிப்படையாகச் சொன்னபோது எங்கள் துறையினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தகைய தொடர் ஊடுருவல் குழுக்களின் நடவடிக்கை எனச் சந்தேகிக்கப்படுபவை 2021க்கும் 2024க்கும் இடையில் சிங்கப்பூரில் நான்கு மடங்குக்குமேல் பெருகியதாகவும் அவர் குறிப்பிட்டார். அமைச்சர் எந்த நாட்டையும் சுட்டவில்லை. அக்குழுவைச் சீனாவுடன் தொடர்புபடுத்துவது கூகலுக்குச் சொந்தமான மேண்டியன்ட் நிறுவனம். சீனத் தூதரகம் அதை மறுத்துள்ளது.

மேண்டியன்ட் ஆய்வாளர்கள் 2022 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு பழக்கம் புலப்படும். சாதாரண மேசைக் கணினியில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருக்கும். ஹைப்பர்வைசரிலும் தீச்சுவரிலும் ரவுட்டரிலும் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே கண்காணிப்பு இல்லாத இடமாகப் பார்த்து இக்குழு குடியேறுகிறது. 2022ல் இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர்களில் பின்வாசல் நிரல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் ஃபோர்ட்டிநெட் தீச்சுவர்களுக்குள் அவர்களின் நிரல்கள் இருந்தது வெளியானது. 2025 மார்ச்சில் ஜூனிப்பர் ரவுட்டர்கள். அவை உற்பத்தியாளரின் ஆதரவுக் காலம் முடிந்த பழைய சாதனங்கள். விஎம்வேர் சர்வர்களை எல்லாம் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரில் இருந்த ஒரு குறை 2023 அக்டோபரில்தான் சரிசெய்யப்பட்டது. இக்குழு அதை 2021 பிற்பகுதியிலிருந்தே பயன்படுத்தியிருக்கிறது.

இவற்றில் 2023 ஜூனில் வெளியான ஒன்று மெய்நிகர் தீச்சுவரை நேரடியாகத் தொடுகிறது. ஹைப்பர்வைசரைப் பிடித்துவிட்டால், அதன்மேல் ஓடும் மெய்நிகர் கணினிக்குள் கடவுச்சொல் இல்லாமலேயே கட்டளை இடலாம் என்ற குறையை அவர்கள் பயன்படுத்தினர். ஹைப்பர்வைசருக்கும் மெய்நிகர் கணினிக்கும் இடையே பேசிக்கொள்ள விஎம்சிஐ என்ற உள்வழி ஒன்று உண்டு. அது நெட்வொர்க் அட்டை வழியாகப் போவதில்லை. பின்வாசல் நிரல்கள் அதன் வழியாகப் பேசின. நெட்வொர்க் அட்டையில் எத்தனை கண்டிப்பான விதி எழுதினாலும் அந்தப் பேச்சு தீச்சுவரின் கண்ணில் படாது. குடியிருப்பின் உவமையில் சொன்னால், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பூட்டினோம். வந்தவர் கட்டடத்தின் குழாய்ப் பாதை வழியாகத் தரையைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் ஏறுகிறார்.

அப்படியானால் மெய்நிகர் தீச்சுவர் வீணா? இணையப் பாதுகாப்பு வகுப்புகளில் இக்கேள்வி அடிக்கடி வருகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அடித்தளத்தைப் பிடிக்க முதலில் அதன் நிர்வாகப் பக்கத்தை எட்ட வேண்டும். ஏதோ ஒரு சாதாரண மெய்நிகர் கணினியிலிருந்து அந்த நிர்வாகப் பக்கத்துக்கு நேராகப் போகும் வழி திறந்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. மெய்நிகர் தீச்சுவர் எழுத வேண்டிய முதல் விதி அதுவே என்பேன்: நிர்வாகக் கட்டமைப்புக்கு, குறிப்பிட்ட இரண்டு, மூன்று கணினிகளைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. அதோடு ஈரடுக்குச் சரிபார்ப்பு, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் அமைப்பு, பதிவுகளை உடனுக்குடன் வேறோர் இடத்துக்கு அனுப்புவது ஆகியவையும் வேண்டும். ஊடுருவியவர் அழிக்க விரும்பும் முதல் பொருள் பதிவேடு என்பதால், அது அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

விற்பனையாளர்களின் பேச்சுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ‘எங்கள் மெய்நிகர் தீச்சுவரை வாங்குங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்’ என்ற பாணியில் எத்தனையோ விளக்கக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஹைப்பர்வைசருக்கு மேலே அமரும் எந்தப் பொருளும் ஹைப்பர்வைசரைக் காப்பாற்ற முடியாது என்று அவர்களில் யாரும் தாமாகச் சொல்லிக் கேட்டதில்லை. தீச்சுவரே நுழைவாயிலாக மாறுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோ தீச்சுவர்களின் மென்பொருளில் வெளிப்பட்ட குறை அத்தகையது; திருத்தம் வருவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தித் தாக்குதல் தொடங்கிவிட்டது. தீச்சுவரும் மற்ற மென்பொருள்போல் மாதாமாதம் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றுதான்.

சட்டமும் கணினியும்

தொழில்நுட்பம் மாறியதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 2018ல் இயற்றப்பட்ட சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்புச் சட்டம், மின்சாரம், நீர், வங்கி, சுகாதாரம், போக்குவரத்து உள்ளிட்ட 11 முக்கியத் துறைகளின் கணினி அமைப்புகளைக் காக்க வந்தது. அது மனத்தில் வைத்திருந்தது கையால் தொடக்கூடிய கணினியை. மெய்நிகர் கணினிகளும் அதற்குள் அடங்கும் என்று தெளிவாக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024 மே 7ஆம் தேதி நிறைவேற்றியது. மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சட்டம் படிக்கப் போகும் மாணவர்களுக்கு இதில் நல்ல கேள்விகள் உண்டு. ஒரு மெய்நிகர் கணினி இன்று சிங்கப்பூரில் ஓடுகிறது, நாளை ஜோகூரில் இருக்கும் தரவு நிலையத்துக்கு மாறுகிறது என்றால் அதற்குப் பொறுப்பு யாருக்கு?

வீட்டிலேயே ஒரு சோதனை

இவற்றையெல்லாம் நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நீங்களே பார்த்துவிடலாம். 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை இலவசமாகப் பதிவிறக்குங்கள். அதில் மூன்று சிறிய லினக்ஸ் மெய்நிகர் கணினிகளையும் ஓபிஎன்சென்ஸ் தீச்சுவர் ஒன்றையும் நிறுவுங்கள். இரண்டு உள்கட்டமைப்புகளை உருவாக்கி, ஒன்றில் இரண்டு லினக்ஸ் கணினிகள், மற்றதில் ஒன்று என வைத்து, நடுவில் தீச்சுவரை நிறுத்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பிங் அனுப்பினால், பதிவு செய்யச் சொல்லியிருக்கும் விதிகளின்படி தீச்சுவரின் பதிவேட்டில் வரிகள் ஓடுவதைக் காண்பீர்கள். தடைவிதி எழுதுங்கள், பிங் நிற்கும்.

பிறகு ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே பிங் அனுப்புங்கள். அது தடையின்றிப் போகும். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அவற்றையும் பிரிக்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள்: மூன்றாவது உள்கட்டமைப்பா, அல்லது ஒவ்வொரு லினக்ஸ் கணினிக்குள்ளும் தனித் தீச்சுவரா? 3 கணினிகளுக்குச் செய்வதை 300 கணினிகளுக்குச் செய்யும்போது எது தாங்கும்? வேலை நேர்காணலில் நான் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. சான்றிதழ்களை அடுக்குபவரைவிட, இந்தச் சோதனையைச் செய்து பார்த்து எங்கே சிக்கியது என்று சொல்பவரிடம் நான் அதிக நேரம் பேசுவேன்.

சோதனையை உங்கள் சொந்தக் கணினிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் அல்லது கல்லூரியின் கட்டமைப்பில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அனுமதியின்றித் தட்டிப் பார்ப்பது, ஆர்வத்தால் செய்தாலும், சிங்கப்பூரில் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழும் மலேசியாவில் 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். திறந்த கதவு ஏதும் தற்செயலாகக் கண்ணில் பட்டால், உள்ளே போகாமல் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.